காத்திருக்கத் தகுதியானவர்

நாட்டில் எதற்கெடுத்தாலும் அவசரம் பெருகிவிட்டது என்று அரசு கவலைப்பட்டது. கவலைப்பட்டால் அரசு ஒரு குழு போடும். அப்படிப் போட்டதுதான் 'இதய வால்வு அறுவைத் தேவை நிர்ணய உயர்நிலைக் குழு'. யாருக்கு வால்வை மாற்றுவது, எப்போது மாற்றுவது என்பதை இனி டாக்டர்கள் சொல்லக் கூடாது, குழு சொல்லும். முடி வெட்டுகிறவரிடம் போய் முடி வளர்ந்திருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வார்? இந்த நியாயத்தைக் குழுவின் தலைவர் திறப்பு விழாவில் எடுத்துச் சொன்னபோது அரங்கமே கைதட்டியது. தலைவர் அதற்கு முன்பு பூங்காத் துறையில் இருந்தவர். எந்த மரத்தை வெட்டலாம், எதை விட்டுவைக்கலாம் என்று முடிவு செய்த அனுபவம் அவருக்கு உண்டு.

அந்தக் குழுவின் முன்னால் போய் நின்றவர் ஒரு கால்பந்து நடுவர். இருபத்திரண்டு பேர் சுற்றி நின்று கத்தினாலும் அரை நொடியில் முடிவு சொல்லி விசிலை ஊதுகிற மனிதர். ஒரு தரம் ஊதினால் ஊதினதுதான். சொந்த மச்சானையே சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பி, அதன் பிறகு மச்சான் வீட்டு விசேஷம் எதற்கும் அழைப்பு வராமல் போனவர்.

கொஞ்ச நாளாக அவர் மைதானத்தின் நடுவட்டத்தை விட்டு நகரவில்லை. கோல்முனையில் நடந்த தப்புக்கெல்லாம் நடுவட்டத்தில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "தூரத்துல இருந்து பார்த்தாத்தான் உண்மை தெரியும்" என்று அதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார். ஒரு நாள் விசிலை வாயில் வைத்தார், காற்றுதான் வந்தது. பந்தை இழுத்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

இதயப் பிரிவு டாக்டரம்மா எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"வால்வு சுண்ணாம்பு கட்டின மாதிரி இறுகிப்போச்சு சார். கதவு முழுசாத் திறந்தாத்தான் ரத்தம் வெளியே போகும். உங்களுக்கு ஒருக்களிச்சுத்தான் திறக்குது. மாத்தணும்."

"எப்ப மாத்தணும்?" என்றாள் மனைவி.

"என்னைக் கேட்டா இந்த வாரமே. ஆனா என்னை யாரும் கேக்க மாட்டாங்க. குழு மூணாவது மாடியில இருக்கு."

மூன்றாவது மாடிக்குப் போக லிஃப்ட் இருந்தது. அதன் கதவில் 'மின்தூக்கி பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பலகை தொங்கியது. நடுவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரில் மாட்டியிருந்த அறிவிப்புகளைப் படிக்கிற பாவனையில் மூச்சு வாங்கினார். அன்று அவர் கொசு ஒழிப்பைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டார்.

நீளமான மேசைக்குப் பின்னால் தலைவரும் ஒரு சட்ட ஆலோசகரும் ஒரு மூச்சுப்பயிற்சி நிபுணரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு ஓரத்தில் ஒரு ஸ்டூல். கேட்டால் மட்டும் பேசலாம்.

"எப்படி வந்தீங்க?" என்றார் தலைவர்.

"படியேறித்தான் சார்."

தலைவர் மற்ற இருவரையும் அர்த்தத்தோடு பார்த்தார். "மூணு மாடி ஏறி வந்திருக்கார்."

"நின்னு நின்னு வந்தேன் சார்."

"எல்லாரும் நின்னு நின்னுதான் வர்றோம். நானும் அப்படித்தான். என் வால்வையும் மாத்தணுமா?"

சட்ட ஆலோசகர் மேற்கொண்டு விசாரித்தார். "ஓடும்போது மூச்சு வாங்குதா?"

"ஓடறதில்லை சார்."

"ஓடாதவருக்கு ஓடும்போது மூச்சு வாங்குதுன்னு எப்படிச் சொல்றது? வீட்ல சிரமம் ஏதாவது?"

நடுவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு பேர் முன்னால் முடியவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "வீட்ல ஒண்ணும் தெரியல சார்."

"எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி. "அசைஞ்சாத்தானே தெரியும். செருப்பு வாரைக்கூட நான்தான் மாட்டி விடறேன்."

"நல்ல மனைவி" என்று மூச்சுப்பயிற்சி நிபுணர் பாராட்டினார். "இப்படி ஒரு துணை இருக்கும்போது அறுவை எதுக்கு?"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலைவரிடம் திரும்பினாள். "சார், படியேறி வந்தவருக்குத் தேவையில்லைங்கறீங்க. ஏற முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"அவங்க வர்றதில்லையேம்மா. ஆர்வம் இல்லாதவங்களை நாம வற்புறுத்த முடியாது."

டாக்டரம்மா ஸ்டூலில் இருந்து எழுந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை என்பதால் உட்கார வைக்கப்பட்டாள். நடுவர் 'காத்திருக்கத் தகுதியானவர்' என்று குழு ஏகமனதாக முடிவு செய்து, அவர் சட்டையில் ஒரு பச்சை அடையாள வில்லையைக் குத்திவிட்டது.

உண்மையைச் சொன்னால் நடுவருக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். நெஞ்சைப் பிளந்து வைத்துப் பார்ப்பார்களாம் என்று நினைத்தாலே அவர் சட்டைப் பொத்தானை இன்னொரு தரம் இழுத்துப் போட்டுக்கொள்வார். வேண்டாம் என்று பெரிய மனிதர்கள் மூன்று பேர் சொல்லும்போது, வேண்டும் என்று ஒரு சின்ன வயது டாக்டரம்மா சொன்னால் யாரை நம்புவது?

தெருவில் அவர் மதிப்பு உயர்ந்தது. அந்தச் சமயத்தில் காத்திருப்பு ஒரு நாகரிகமாகிவிட்டிருந்தது. பச்சை வில்லை குத்தினவர்களைப் பார்த்து, வால்வில் ஒரு குறையும் இல்லாத பணக்காரர்கள்கூட அதே மாதிரி வில்லை செய்து குத்திக்கொண்டார்கள். 'நான் காத்திருக்கிறேன்' என்று எழுதின பனியன் கடைகளில் தொங்கியது. விவாகரத்து கேட்டவர்கள் காத்திருந்தார்கள். ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்ற வந்தவனை ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டு, நனைந்தபடியே அக்கம்பக்கத்தாரின் வாழ்த்தை ஏற்றுக்கொண்டார். உறவை முறித்துக்கொண்ட மச்சானே தேடி வந்து, "மாப்பிள்ளை, கத்தி வைக்காமலே சமாளிக்கிறீங்களாமே" என்று தோளைத் தட்டினார்.

வில்லை வாங்கினவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு நடந்தது. நிபுணர் கண்ணை மூடச் சொல்லி, வால்வோடு அன்பாகப் பேசச் சொன்னார். நடுவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பூட்டுக் கடைக்காரர் உட்காருவார். நீலம் பாரித்த உதட்டோடு, "உங்களுது பேசுதா? என்னுது மூஞ்சியைத் திருப்பிக்குது" என்று காதோடு கேட்பார். ஒரு வாரம் அந்த நாற்காலி காலியாக இருந்தது.

"ஒரு நல்ல செய்தி" என்றார் நிபுணர். "பூட்டுக் கடைக்காரருக்கு அறுவைத் தேவை நீங்கிவிட்டது."

எல்லோரும் கைதட்டினார்கள். நடுவரும் தட்டினார். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார்.

மனைவி கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்தாள். "தேவை நீங்காம என்ன செய்யும்? அந்த மனுஷன் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்துட்டார். நான் துக்கத்துக்குப் போயிட்டுத்தான் வர்றேன்."

நடுவர் கைதட்டிவிட்டு வந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு, "நாளைக்குக் குழுவைப் போய்ப் பார்க்கலாம்" என்றார். "எனக்கு முடியல. படுத்தா மூச்சு முட்டுது. உன்கிட்டகூடச் சொல்லல."

"நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

மறுநாள் அவர் இரண்டாவது மாடித் திருப்பம் வரை ஏறினார். அங்கே கொசு ஒழிப்பு அறிவிப்பு இரண்டு மூன்றாகத் தெரிந்தது. கம்பியைப் பிடித்தபடி சரிந்து விழுந்தார்.

மனைவி போட்ட சத்தத்தில் குழுவே படியில் இறங்கி வந்தது. வந்தவர்கள் விழுந்தவரைச் சுற்றி நின்று ஆலோசித்தார்கள்.

"மயக்கம் வந்திருக்கே, இது அறிகுறிதானே?" என்று தலைவர் சந்தேகத்தைக் கிளப்பினார்.

"சாதாரண நடமாட்டத்தில் வந்தால்தான் அறிகுறி" என்றார் சட்ட ஆலோசகர். "லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் படியேறுவது சாதாரண நடமாட்டம் ஆகாது. அதோடு, நம் அதிகார எல்லை மூன்றாவது மாடியில்தான் ஆரம்பிக்கிறது. இது இரண்டாவது மாடி."

"ரெண்டரை" என்றார் நிபுணர்.

"மூணுக்குத் தூக்கிட்டு வந்து விழ வைக்கட்டுமா?" என்று கேட்டாள் மனைவி. அது கேள்வியா, கோரிக்கையா என்று தலைவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, டாக்டரம்மா ஸ்ட்ரெச்சரோடு வந்து ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கீழே ஓடினாள். அவசரப் பிரிவுக்குக் குழுவின் அனுமதி தேவையில்லை. சாகக் கிடக்கிறவனுக்கு முடிவு எடுக்கும் சிரமம் எதற்கு என்று அதை மட்டும் குழு விட்டுவைத்திருந்தது.

வால்வு மாற்றப்பட்டது. இரண்டு நாள் மனைவி பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வாசலிலேயே கிடந்தாள். நடுவர் கண் விழித்து முதல் முறையாக மூச்சை முழுசாக இழுத்தபோது, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். அவ்வளவு காற்று உலகத்தில் இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

உடம்பு தேறி, மைதானத்தை ஒரு சுற்று நடக்கத் தொடங்கிய சமயத்தில் குழுவின் ஆண்டு விழா வந்தது. காத்திருப்பின் முன்மாதிரி என்று அவருக்கு ஒரு கேடயம் கொடுக்கப்போவதாக ஆள் வந்து அழைத்தான்.

"போங்க" என்றாள் மனைவி. "போய் மேடையில சட்டையைக் கழட்டிக் காட்டிட்டு வாங்க. பூட்டுக் கடைக்காரருக்காகவாவது காட்டுங்க."

அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் வில்லை குத்தினவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் அறிக்கை வாசித்தார். குழுவிடம் வந்தவர்களில் ஒரு பகுதியினர் தேவையில்லாதவர்கள், மீதிப் பேர் தேவை நீங்கியவர்கள். ஆக, நாட்டில் வால்வு அறுவை தேவைப்படுகிறவர் ஒருவரும் இல்லை. "சான்று வேண்டுமா? இதோ, நம் நடுவர். குழு வேண்டாம் என்றது. இன்று உங்கள் முன்னால் கல்லுப் பிள்ளையார் மாதிரி நிற்கிறார்."

நடுவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். கழுத்துக்குக் கீழிருந்து நெஞ்சின் அடிவரை தழும்பு சிவப்பாக ஓடியது. முன்வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

தலைவர் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு மைக்கை நெருக்கமாகப் பிடித்தார். "பாருங்கள். தேவையே இல்லாத ஓர் அறுவையிலிருந்துகூட இவரை எழுந்து வரச் செய்தது எது? நம் காத்திருப்புப் பயிற்சி."

கைதட்டல் இடி மாதிரி விழுந்தது. முன்வரிசைக்காரர்கள் மூச்சு இரைக்க இரைக்கத் தட்டினார்கள். நடுவர் வாயைத் திறந்தார். அதற்குள் தலைவர் மாலையைப் போட்டு, நோயாளிகளின் பிரதிநிதியாக அவரையே குழுவின் உறுப்பினராக்குவதாக அறிவித்துவிட்டார்.

"ஏன் ஒத்துக்கிட்டீங்க?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"உள்ள இருந்தாத்தானே திருத்த முடியும்? வெளிய நின்னு கத்தினா யார் கேப்பா?"

முதல் கூட்டத்துக்கு அவர் அரை மணி முன்னதாகவே போனார். நாற்காலி சுழலும் நாற்காலி. தண்ணீர் கண்ணாடித் தம்ளரில் வந்தது. தலைவர் அவரை 'நம் நடுவர்' என்றார், சட்ட ஆலோசகர் எழுந்து கைகொடுத்தார். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, மகன் தாங்கிப் பிடிக்க உள்ளே வந்தாள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி, நின்று நின்றுதான் பேசினாள். டாக்டரம்மா ஸ்டூலில் இருந்தபடி நடுவரையே பார்த்தாள்.

"நம் புது உறுப்பினர் அனுபவஸ்தர்" என்றார் தலைவர். "அவரே சொல்லட்டும்."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். வேண்டும் என்று சொன்னால் முதல் நாளே வீம்புக்காரன் என்று பெயராகும். இந்த ஒன்றை விட்டுக்கொடுத்தால் அடுத்ததில் பேச்சு எடுபடும். நடுவர் யோசித்தார். எப்போதும் போல அரை நொடிக்கு மேல் ஆகவில்லை.

"படியேறித்தானே வந்தீங்க, டீச்சர்?"

"ஆமாங்க."

"அடுத்த கூட்டத்துல பார்க்கலாமே."

ஆசிரியையின் முகம் மலர்ந்தது. "கத்தி வேண்டாம்னுட்டீங்க, நீங்க நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மகன் குனிந்து அவர் காலைத் தொட்டான். வில்லையைக் குத்தும்போது அம்மாவும் பிள்ளையும் கண் கலங்கினார்கள்.

"பார்த்தீங்களா, ஜனங்களுக்கு எவ்வளவு திருப்தி" என்றார் தலைவர்.

டாக்டரம்மா எழுந்து வெளியே போனாள். நடுவர் நாற்காலியை லேசாகச் சுழற்றிச் சாய்ந்துகொண்டார். மனசில் ஒரு நிறைவு. நெஞ்சுக்குள் புது வால்வு ஒரு குறையும் இல்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தது.