மாமனாரின் காவடி வேட்டியும் என் முதல் துணிப்பையும்

மாமனாருக்குப் பயப்படாத மாப்பிள்ளைகள் உலகத்தில் இருக்கலாம். நான் அந்தக் கட்சி இல்லை. என் மாமனார் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைத்தவர். அவர் செருமினாலே நான் எழுந்து நின்றுவிடுவேன்.

என் மனைவி மாலா, ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். அன்று நூல் வாங்க ராபர்ட்சன்பேட்டை போயிருந்தாள். செல்போன் வீடியோவில் ஒருவர் சிரித்துக்கொண்டே துணிப்பை தைத்துக் காட்டினார். (அந்தச் சிரிப்பை நம்பினேன் பாருங்கள்!) மெஷின்மேல் மஞ்சள் துணி ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் நூல் பிரிந்திருந்ததால் நட்டநடுவில் வெட்டியெடுத்துப் பை தைத்தேன். காய்கறி கனத்தில் பிய்ந்துவிடக் கூடாதே என்று கைப்பிடிகளில் மட்டும் மெஷினை முன்னும் பின்னும் ஓட்டித் தள்ளினேன்.

மாலா வந்து பார்த்தாள்.

"இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க? ஓரம் அடிக்கச் சொல்லி அப்பா குடுத்த காவடி வேட்டிங்க இது!"

மாமியாரின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக, மறுநாள் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் மாமனார் காவடி எடுக்க வேண்டும்.

"வேற வாங்கிடலாமே?"

"சாமி பாதத்துல வெச்சு எடுத்தத மாத்துவாங்களா?"

இப்போது முருகனுக்கும் சேர்த்து நடுங்கினேன். மாமியாருக்கு மறுபடி கால் வலித்தால் பழி என் கத்திரிக்கோலுக்குத்தானே?

மாலா பையைப் பிரித்து, அந்தத் துணியையே வெட்டிய இடத்தில் வைத்து ஒட்டுப் போட்டாள். அதில் ஒரு கைப்பிடி மட்டும் பிரியவே மாட்டேன் என்றது. வெட்டிவிடலாம் என்று கத்திரிக்கோலை எடுத்தேன்.

"இன்னொரு வாட்டி அதுல கத்திரி பட்டுது..." என்று மாலா ஆரம்பித்தபோதே வாசலில் செருமல். எழுந்து நின்றேன்.

மாமனார் வேட்டியை விரித்தார். கைப்பிடியைச் சுண்டி இழுத்தார்.

"இன்னா மாப்ள இது?"

"பை, மாமா..."

வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் திருத்தணி மலைப்படியில் நெரிசல். காவடியோடு மாமனார் முன்னால், ஆபரேஷன் காலோடு மாமியார் அவர் பின்னால், பயத்தோடு நான் கடைசியில். திடீரென்று கூட்டம் தள்ளியதில் மாமியார் தடுமாறினார். கைக்கு அகப்பட்டது மாமனாரின் வேட்டியில் முதுகுக்குக் கீழே தொங்கிய அந்தக் கைப்பிடி. அதைப் பிடித்தவர் உச்சிவரை விடவே இல்லை. 'முருகா, பிய்ந்துவிடக் கூடாது' என்பதைத் தவிர வேறெதையும் அன்று நான் வேண்டவில்லை. தையல் தாங்கியது.

இப்போதெல்லாம் குடும்பத்தோடு எங்கே கூட்டத்துக்குக் கிளம்பினாலும், மாமியார் மாமனாரின் சட்டையை என்னிடம் நீட்டுகிறார்.

"மாப்ள, இதுலயும் ஒரு கைப்பிடி அடிச்சுக் குடுங்க."