பாக்கெட் மாவு

பாண்டீஸ்வரியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆபரேஷன் தியேட்டர் வாசலில். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"மீசை நல்லாத்தான் இருக்கு. பத்திரமா வச்சுக்கங்க."

மயக்க மருந்து அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவள் சொன்னது புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது.

அந்த மீசையை நான் பந்தயம் வைத்தது அதற்கு முந்தின தை மாதம். கப்பலூர் கம்பெனியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். ரிட்டயர் ஆனதும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, யாரிடமும் கேட்காமல் நானே கற்றுக்கொண்டேன். எங்கள் விளாங்குடித் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வேறு யாரும் முயற்சி செய்யவில்லை என்பது தனி விஷயம்.

பாண்டீஸ்வரி மெஷின் எம்பிராய்டரி போடுவாள். எதிர்வீட்டு ஜனகராஜ் மகளின் கல்யாண ஜாக்கெட் அவளிடம் வந்தது. பூ டிசைனை அந்தப் பெண் ஃபைலாக அனுப்பியிருந்தாள். அதைத் திறக்க ஒரு புரோகிராம் வேண்டும்.

"ஒரு பட்டனை அமுக்குனா அதுவா இன்ஸ்டால் ஆயிருமாமே?" என்றாள்.

"அது பாக்கெட் மாவு. நான் சோர்ஸ் கோடை எடுத்து, நானே கம்பைல் பண்ணப் போறேன். அரிசி உளுந்து ஊறப்போட்டு வீட்டுல ஆட்டுற மாதிரி."

"முப்பத்தோரு வருசத்துல ஒரு நாளாச்சும் மாவாட்டியிருக்கீங்களா?"

பேப்பர் இரவல் வாங்க வந்த ஜனகராஜ் இதைக் கேட்டுவிட்டார்.

"கண்ணுச்சாமி அண்ணே, மாசி பத்து முகூர்த்தம். ஜாக்கெட் வந்துருமா?"

"வியாழக்கிழமைக்குள்ள புரோகிராம் ஓடலைன்னா இந்த மீசையை எடுத்துடுறேன்!"

"எதுக்குண்ணே அம்புட்டுப் பெரிய பந்தயம்?"

"ஜெயிக்கிறவன் சின்னதா வைப்பானா?"

பாண்டீஸ்வரி கரண்டியோடு வெளியே வந்தாள். "பொண்ணு பாக்க வந்தப்ப அந்த மீசைக்குத்தான் சரின்னு சொன்னேன். உங்களுக்கில்லை. பாத்துக்கங்க."

திங்கட்கிழமை ஆரம்பித்தேன். ஒரு துணை புரோகிராம் இல்லை என்றது. கொண்டுவந்தேன். அது தனக்கு இரண்டு துணை வேண்டும் என்றது. அந்த இரண்டும் ஆளுக்கு மூன்று கேட்டன. தாய்மாமன் வீட்டார் காது குத்துக்கு வருவதுபோல் கூட்டம் சேர்ந்தது. புதன்கிழமை கம்பைல் ஓடத் தொடங்கியது. கம்ப்யூட்டருக்குள் இருந்த ஃபேன் போட்ட சத்தத்தில் பாண்டீஸ்வரியால் குக்கர் விசிலை எண்ண முடியவில்லை. சாதம் குழைந்தது. நான் தளரவில்லை.

வியாழன் காலை தொண்ணூற்றிரண்டு சதவீதம். இனி என்ன, வெற்றிதான். நிம்மதியாகக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் திரையில் ஒரு எழுத்தும் இல்லை. பாண்டீஸ்வரி கையில் துணியோடு நின்றாள்.

"முடிஞ்சிருச்சுங்க."

"எரர் எதுவும் வந்துச்சா?"

"ஒன்னும் காணோம். தூசியா இருந்துச்சேன்னு துடைச்சேன், ஏதோ பட்டன் பட்டு எழுத்தெல்லாம் போயிருச்சு. நீங்க பேரை அடிச்சுப் பாருங்க."

அடித்தேன். திறந்தது! பூ இதழ் இதழாகத் திரையில் விரிந்தது. ஈரத் துண்டோடு ஓடிப்போய் ஜனகராஜை இழுத்து வந்தேன்.

"அண்ணே, நீங்க எங்கேயோ இருக்க வேண்டிய ஆளு!"

மீசையை முறுக்கினேன். பாண்டீஸ்வரி அவருக்குக் காபி போட உள்ளே போனாள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் கம்பைல் செய்வது எப்படி என்று விளக்கினேன். இரண்டு பேர் பாயசத்துக்கு முன்பே எழுந்துவிட்டார்கள்.

போன வாரம் ஜனகராஜ் வந்தார். மகளும் எம்பிராய்டரி மெஷின் வாங்கியிருக்கிறாளாம். "நீங்க ஆட்டுன மாவுல அவளுக்கும் கொஞ்சம் குடுங்கண்ணே" என்றார்.

பெருமையாக, அன்றைக்குக் கம்பைல் செய்த என் ஃபோல்டரைத் திறந்தேன். புரோகிராமைக் காணோம். கம்பைலை மறுபடி ஓடவிட்டேன். தொண்ணூற்றிரண்டில் எரர் போட்டு நின்றது. கம்ப்யூட்டரில் எது எப்போது இன்ஸ்டால் ஆனது என்ற பட்டியல் இருக்கும். அதைப் பார்த்தேன். அதே புரோகிராம், ரெடிமேடாக இறக்கியது, அந்தப் பந்தய வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்து. அந்த நேரம் நான் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். இன்ஸ்டால் பண்ணக் கேட்கும் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். அவள் பெயர்தான் அது.

ஃபோல்டரில் புரோகிராம் இல்லை. மீசை இருக்கிறது.