பின்வாசல் லட்சுமி

ஆவடியில் அந்தப் பழைய தொழிலாளர் நகரைப் போட்ட இன்ஜினீயருக்கு அறிவு இருந்தது. வண்டிகள் பறக்கக் கூடாதென்று தெருக்களை அங்கங்கே முட்டி நிற்க வைத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு தெரு, பின்னால் ஒரு தெரு; இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வாசல். அங்கே யாரும் சாகவில்லை என்று சொல்ல முடியாது. தெரு முட்டி யாரும் சாகவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தார் ‘வாஸ்து வேந்தர்’ உத்தமன். ஞாயிற்றுக்கிழமை அவர் காருக்குப் பின்னால் நகரே நடந்தது. வீட்டுக்கு வீடு பரிகாரக் கண்ணாடி விற்றார். தெரு வந்து முட்டும் புஷ்பாவின் வீட்டுக்கு மட்டும், வாசலில் ஒன்றை வாங்கி மாட்டிய பிறகும், கண்ணாடி போதவில்லையாம். உள்ளே காலெடுத்து வைக்கவே மறுத்துவிட்டார்.

“தெருக்குத்து! இந்தக் கூரைக்குக் கீழ ஒரு உசுரு தங்காது. ஆடிக்குள்ள வித்துடுங்க.”

வாங்குவதற்கு அவருடைய மச்சான் காரிலேயே தயாராக உட்கார்ந்திருந்தான். என்னே தெய்வச் செயல்!

புஷ்பாவின் கணவர் தேவராஜ் வெலவெலத்துப் போனார். “இன்னாத்துக்கு வம்பு? வித்துட்டு நெமிலிச்சேரி பக்கம் பூடலாம்.”

“தையல் மெஷின் மிதிச்சு நான் கடன் கட்டுன ஊடுய்யா இது!” புஷ்பாவுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

மறுவாரம் அவள் தோழி கஸ்தூரி வேந்தரை அழைத்தாள். “எங்க ஊட்டையும் பார்த்துச் சொல்லுங்க சாமி.” காரைப் பின்தெருவில் நிறுத்தவைத்து, புஷ்பா வீட்டுப் பின்வாசலில் ஆரத்தி எடுத்தாள். அது யார் வீடென்று கூட்டத்துக்குத் தெரியும். ஞானக்கண்ணுக்குத் தெரியாததையா நாம் சொல்லப்போகிறோம் என்று பக்தர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

வேந்தர் கூடத்தில் நின்று கண்ணை மூடினார். “ஆஹா! இந்தக் கூரைக்குக் கீழ லட்சுமி குடியிருக்கா. இங்க படுத்து எழுந்தவன் நூறு வயசு வாழ்வான்!”

“அந்தக் கதவையும் தொறந்து பார்த்துடுங்க சாமி” என்று கஸ்தூரி எதிர்ப்பக்கக் கதவைக் காட்டினாள்.

திறந்தார். எதிரே அதே முட்டுத்தெரு. படியில் புஷ்பா நின்றிருந்தாள்.

“அது... வாசலைப் பொறுத்ததும்மா...”

“அப்போ இந்த வாசல்ல எமன் வர்றான், அந்த வாசல்ல லட்சுமி வர்றா. நடுக்கூடத்துல பார்த்துக்கினா ரெண்டு பேரும் இன்னா பேசிக்குவாங்க? சொல்லு நைனா!” என்றாள் புஷ்பா.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்தெருவில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மச்சான் வேந்தரை விட்டுவிட்டே போய்விட்டான்.

தேவராஜ் வெட்கத்தோடு வாசல் கண்ணாடியைக் கழற்றினார். “இத இன்னா பண்றது?”

“வச்சிக்கோ. எவனாவது பயங்காட்டுனா மொதல்ல அதுல உன் மூஞ்சியப் பாரு” என்ற புஷ்பா, கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “நீங்களுந்தான்! கழுத்துக்கு மேல ஒண்ணு தெரியும். அது தொப்பி மாட்டுறதுக்கு மட்டும் இல்ல.”