மருதாணி வேலி

குணசேகரனுக்கு ஒரே ஒரு ஆசைதான். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காக ஊரில் எவனும் வேலி போட்டிருக்க மாட்டான். இவன் போட்டான்.

ஆசை என்னவோ சின்னதுதான். நிறைவேறத்தான் வழியில்லை. கல்யாணமான புதிதில் திருச்சியில் கூட்டுக் குடும்பம். ஒரு கதவைத் திறந்தால் அண்ணி, இன்னொன்றைத் திறந்தால் அத்தை, எந்தக் கதவையும் தட்டாமல் உள்ளே வந்துவிழும் அண்ணன் பிள்ளைகள். ஹைதராபாத்தில் மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தபோது, சம்பளம் எவ்வளவு என்பதைக்கூட அவன் சரியாகக் காதில் வாங்கவில்லை. இனி நானும் ரோகிணியும் மட்டும்தான் என்று நினைத்து நினைத்து, வரும்போது ரயிலிலேயே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கொண்டாப்பூரில் வாடகைக்குக் கிடைத்த வீட்டின் முன்னால் ஒரு துண்டு மண் இருந்தது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். மெதுவாக அவள் கையைப் பிடித்தான். எதிர்வீட்டு மாடியில் ஒரு செய்தித்தாள் கீழே இறங்கியது. அதற்கு மேலே ஜெகநாதனின் மூக்குக் கண்ணாடி தெரிந்தது. செகந்திராபாத் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மகன் வீட்டில் இருக்கிறார். தமிழர்தான், ஆனால் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊர். அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே வேலை எதிர்வீடுதான்.

"க்யா தம்பி, காத்து நல்லா வருதா?" என்றார்.

குணசேகரன் மனைவியின் கையைச் சட்டென்று கீழே வைத்துவிட்டு, வராத ஒரு போனை எடுத்துப் பேச ஆரம்பித்தான். முதல் வருஷம் முழுக்க இப்படியே போயிற்று. அவன் கையைப் பிடிப்பான், செய்தித்தாள் இறங்கும், போன் வரும்.

கடைசியில் ஒரு நாள் வேலி போடுவது என்று தீர்மானித்தான். தோள் உயரத்துக்கு, ஒட்டி உட்கார்ந்தால் மாடியிலிருந்து ஒரு குருவிகூட எட்டிப் பார்க்க முடியாதபடி. ஆபீஸ் வளாகத்தில் பந்து பந்தாகக் கத்தரித்து வைத்திருக்கிறார்களே, அந்த மஞ்சள் டியூரண்டாதான் அவன் மனதில் இருந்தது. மூன்றாம் நாள் ரோகிணி இட்லி வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அதுக்கு நிறையத் தண்ணி வேணுமேங்க. நமக்கே டேங்கர் வந்தாதான் குளியல்."

"அப்ப வேற என்ன வைக்கிறது?"

"எனக்கென்ன தெரியும். தண்ணி கேக்கக் கூடாது, மாடு கடிக்கக் கூடாது, அடர்த்தியா வரணும். மருதாணின்னா இதெல்லாம் சரியா வரும். ஆனா உங்களுக்குப் பிடிக்காது."

உங்களுக்குப் பிடிக்காது என்று ரோகிணி எதைச் சொன்னாலும் குணசேகரனுக்கு அது உடனே பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமையே நர்சரியில் மருதாணிக் கன்றுகள் வாங்கி வந்து, தெருவோரக் கம்பிக்கு உள்பக்கமாக வரிசையாக நட்டான். யோசனை தன்னுடையது என்றும் நம்பிவிட்டான். அவனுக்கு ஆபீஸில் என்ன வேலை தெரியுமா? அடுத்தவர் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

பிள்ளை வளர்ப்பது போல் வளர்த்தான். எரு போட்டான். நுனியைக் கத்தரித்தால் பக்கத்துக் கிளை வெடிக்கும் என்று யாரோ சொல்ல, விடாமல் கத்தரித்தான். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் செடிக்குப் பக்கத்தில் நின்று உயரம் பார்த்துக்கொள்வான். முழங்கால், தொடை, இடுப்பு. இடுப்பளவு வந்தபோது, தரையில் உட்கார்ந்தால் ஜெகநாதனுக்குத் தெரியாது என்று கண்டுபிடித்து ரோகிணியை ஆசையோடு கூப்பிட்டான். எறும்பு இருக்கிறது என்று அவள் உள்ளே போய்விட்டாள். அவன் மட்டும் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தான்.

அந்த நாட்களில் ரோகிணி பெரும்பாலும் ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன பார்க்கிறாய் என்று ஒருதரம் கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லாததை ஒருத்தி எதற்கு இரண்டு வருஷமாகப் பார்க்கிறாள் என்று அவன் கேட்கவில்லை.

ஜூன் மழை விழுந்ததும் வேலி தோளைத் தொட்டது. கத்தரிக்கோலை எடுத்தவனை ரோகிணி தடுத்தாள். இப்போதுதான் தளிர் விட்டிருக்கிறது, பாவம், இந்த மாதம் வெட்டாதீர்கள் என்றாள். இவளுக்கும் வேலி மேல் ஆசை வந்துவிட்டது, அப்படியானால் இவளும் அந்தச் சாயங்காலத்துக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று குணசேகரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வந்த சனிக்கிழமை காலையிலேயே செகந்திராபாத் போனான். இரண்டு பேர் நெருக்கி உட்காருகிற மாதிரி ஒரு பிரம்பு சோபாவைத் தேடிப் பிடித்து, லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பினான்.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி நிமிர்ந்தவனுக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெரிந்தது. தெரியக் கூடாது. ஆனால் தெரிந்தது. வேலியில் ஓர் இலை இல்லை. வெறும் குச்சி நின்றது. ஜன்னல் வழியாக வயர் இழுத்து மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. தெருவின் பெண்கள் மொத்தமும் அந்தத் துண்டு மண்ணில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ரோகிணி, இரண்டு கையிலும் விரலுக்கு விரல் மருதாணித் தொப்பி வைத்து, சிரித்துக்கொண்டு. அவள் அப்படிச் சிரித்து அவன் ஹைதராபாத்தில் பார்த்ததேயில்லை.

"அன்னய்யா வச்சாரு," என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டுச் சுமலதா எழுந்து வந்தாள். அண்ணன் வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். சோபா வந்ததில் இன்னும் சந்தோஷம். அவர்களே இறக்கி, அவர்களே போட்டு, மூன்று பேர் அதில் உட்கார்ந்தும் விட்டார்கள்.

விஷயம் இதுதான். இந்த ஊரில் ஆஷாட மாதம் பிறந்துவிட்டால் பெண்கள் கை சிவந்தாக வேண்டும். கடையில் விற்கும் மருதாணிக் கோனெல்லாம் கணக்கில் சேராது. செடியில் பறித்து அரைத்த இலைதான் வேண்டும், அதுவும் தளிராக இருந்தால் பற்றிக்கொள்ளும். கத்தரித்துக் கத்தரித்துக் கொண்டாப்பூரிலேயே நல்ல தளிரை வளர்த்து வைத்திருந்தவன் குணசேகரன்.

அவன் ரோகிணியின் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"வேலியைக் காணோமே, ரோகிணி."

"குச்சி இருக்கே."

"நான் எதுக்கு இதை வளத்தேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். நான் எதுக்கு மருதாணி வைக்கச் சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமா?" அவள் குரல் இறங்கியது. "நாம இங்க வந்த வருஷம் ஆஷாடத்துக்கு இவங்க எல்லாரும் ஒண்ணாச் சேந்து தெருக்கோடி காலி மனைக்கு இலை பறிக்கப் போனாங்க. நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன். கூப்பிட மாட்டாங்களான்னு இருந்துச்சு. எப்படிக் கூப்பிடுவாங்க, என் பேரே தெரியாதே. அப்புறம் அங்க ஃபிளாட் கட்டச் செடியை வெட்டிட்டாங்க. நீங்க வேலி வேணும்னு வந்து நின்னீங்க. இன்னிக்குக் காலையிலேர்ந்து எல்லாரும் ரோகிணி ரோகிணின்னு கூப்பிட்டுட்டே இருக்காங்க."

குணசேகரனுக்குச் சுருக்கென்றது. தனக்கு அவள் ஒருத்தி போதும். அவளுக்கும் தான் ஒருவன் போதும் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான். கோபப்படலாம் என்று பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்தபின் வரவில்லை.

"பசிக்குதுங்க," என்றாள் ரோகிணி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டி.

சுமலதா தயிர்சாதக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர் மாடியில் செய்தித்தாள் இறங்கியது. கையைத் தொடவே கூசியவன், காதுமடல் கொதிக்க, முதல் கவளத்தை ஊட்டினான். இரண்டாவதை நிதானமாக உருட்டினான். மூன்றாவதுக்குள் இரண்டு பெண்கள் தங்கள் கணவன்மாருக்குப் போன் போட்டு, வந்து ஊட்டச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தெரு ஆண்கள் இன்றுவரை குணசேகரனோடு சரியாகப் பேசுவதில்லை.

"ஹவ் தம்பி, ஆமா, அப்படித்தான்," என்றார் ஜெகநாதன் மேலேயிருந்து.

இருட்டுவதற்கு முன்னால் எல்லோரும் போய்விட்டார்கள். குச்சிகளுக்கு நடுவே தெருவே தெரிந்தது, தெருவுக்கு இவர்களும் தெரிந்தார்கள். சோபாவில் இருவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஊர் முன்னால் ஊட்டியாயிற்று, இனி யாருக்குப் பயம் என்று குணசேகரனுக்குத் தோன்றியது. போனைத் தேடவில்லை. ஜெகநாதன் பார்க்கப் பார்க்க, தைரியமாகக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க, கலைஞ்சுடும். காலையிலதான் கழுவணும்."

"சரி, காலையில உக்காரலாமா?"

"காலையில இவங்களோட செகந்திராபாத் அம்மன் கோயில் போனாலு திருவிழாவுக்குப் போறேங்க. நீங்க வேலிக்குத் தண்ணி ஊத்திடுங்க, அடுத்த ஆஷாடத்துக்குள்ள தழைக்கணும்."