லேப்டாப்பின் வயிற்றில் இருந்தது

இதைச் சரியாகச் சொல்லுவேனா என்று முதலிலேயே பயமாக இருக்கிறது. நான் படித்தது ஏழாம் வகுப்பு. பின்னால் சொல்ல வேண்டியதை முன்னால் உளறிவிடும் பழக்கமும் உண்டு. அதனால் உளற வேண்டியதை இப்போதே உளறிவிடுகிறேன். என் ஏழுகல் கம்மல் தொலையவில்லை.

என் வீட்டுக்காரர் பிச்சைமணியிடம் அது தொலைந்துவிட்டதாகச் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. போடிமெட்டுக்கு மேலே எங்களுக்கு இரண்டு ஏக்கர் ஏலக்காய். மழை பொய்த்த வருடம் செடிக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். தண்ணீரோடு என் சங்கிலி போனது. வளையல் போனது. அடுத்து உரம் வாங்க என் காதைப் பார்த்தார். தோட்டத்திலிருந்து இறங்கும்போது, முந்தானையில் முடிந்திருந்த கம்மல் ஜீப்பில் விழுந்துவிட்டது என்று அழுதேன். பாவம், மூன்று ஜீப்புக்கு அடியில் படுத்துத் தேடினார். எழுந்தபோது முதுகெல்லாம் கிரீஸ்.

ஒளித்து வைக்கத்தான் இடமில்லை. அரிசிப் பானை, கடுகு டப்பா, சேலை மடிப்பு எல்லாம் அவருக்கு மனப்பாடம். மகள் அனுசியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள், அது எங்களோடு தங்கிவிட்டது. பேட்டரி உப்பிப்போய் எடுத்தெறிந்தாயிற்று. ஒயரைச் செருகினால்தான் ஓடும். அடியில் பேட்டரி இருந்த இடம் வெறும் பள்ளம். கம்மலைப் பஞ்சில் சுற்றி அதற்குள் வைத்துக் கறுப்பு டேப்பை நாலு சுற்று ஒட்டினேன். "எறும்பு போகுதுங்க" என்றேன். நம்பிவிட்டார்.

அந்த லேப்டாப்பில்தான் தினமும் ஏலக்காய் விலை பார்ப்பார். போனில் எழுத்து தெரியாதாம். அதை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தக் கம்மல் மட்டும் இருந்திருந்தா..." என்று பெருமூச்சு விடுவார். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

லேப்டாப்பும் என்னைப் போலத்தான், எழுந்திருக்க நேரமாகும். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். தலை துவட்டி வந்தாலும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சாப்பிட்டு முடிக்கும்போது விலை வரும். அதற்குள் இறங்கியிருக்கும். விலையை இறக்கியது லேப்டாப்தான் என்பது அவர் கட்சி.

போன செவ்வாய்க்கிழமை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இன்னிக்கு ரெண்டுல ஒன்னு தெரிஞ்சாகணும் சந்திரா. ஒன்னு, இதுக்குள்ள புதுச் சாமான் போட்டு வேகமாக்கணும். இல்லாட்டி இதக் குடுத்துட்டுப் புதுசு வாங்கணும்."

எது நடந்தாலும் லேப்டாப்பின் வயிற்றைத் திறப்பார்கள். மோர்ச் சட்டியைக் கீழே வைத்தேன்.

"எதுக்குங்க? நல்லாத்தான ஓடுது."

"ஓடுதா? நடக்கவே மாட்டேங்குது!"

"வயசானா அப்படித்தான். உங்களைய நான் மாத்தவா செய்றேன்?"

"என்னைய எந்தக் கடையில எடுத்துக்கிருவான்?"

சொல்லிக்கொண்டே லேப்டாப்பை மஞ்சள் பையில் போட்டு வண்டியில் மாட்டிவிட்டார். நான் செருப்பைத் தேடினேன்.

"நீ எங்க?"

"நானும் வர்றேன்."

"கம்ப்யூட்டர் கடைக்கா? அங்க சேலை விக்க மாட்டாக புள்ள."

"குலுங்குனா ஒடஞ்சிரும். நான் மடியில வச்சுக்கிறேன். நீங்க ஹெல்மெட்ட மாட்டுங்க."

"போடிக்குள்ள எவன் ஹெல்மெட் போடுறான்?"

வண்டி வாங்கிய நாளிலிருந்து தினமும் சொல்கிறேன். தினமும் இதே பதில். ஹெல்மெட் ஆணியில் புதுக் கருக்கு அழியாமல் தொங்குகிறது.

போகிற வழியெல்லாம் பைக்குள் கையை விட்டு டேப்பைச் சுரண்டினேன். நான் ஒட்டினதாயிற்றே. நகம்தான் உடைந்தது.

கடை மொய்னுதீன் பாயுடையது. மேசையில் உட்கார்ந்து பழுது பார்ப்பது அவர் மகள் ஃபாயிசா. லேப்டாப்பைக் குப்புறப் போட்டாள்.

"இது என்ன மாமா, கட்டுப் போட்டிருக்கு?"

"உங்க அத்தை எறும்புக்குப் போட்ட கட்டு. பிச்சுப் போடு."

"ஐயோ, தொடாத ஆத்தா! ஷாக் அடிக்கும்!"

கடையே சிரித்தது. "இன்னும் கரண்டே குடுக்கலையே தங்கச்சி" என்றார் பாய்.

ஃபாயிசா பக்கத்திலிருந்த வேறொரு மூடியைக் கழற்றினாள். குப்பென்று ஏலக்காய் வாசம். உள்ளே இருந்த குட்டிக் காற்றாடி முழுக்கக் காய்த் தூசியும் காம்பும். காய் மூட்டை மேல் வைத்து விலை பார்த்தால் வேறென்ன இருக்கும்?

"இத வச்சுப் பாயாசமே காச்சலாம் மாமா. அதான் சூடாகி நின்னு நின்னு போகுது. தூசியெடுத்து, டிஸ்க்கையும் ரேமையும் மாத்துனா நாலாயிரம். வெல பாக்க இன்னும் மூணு வருசத்துக்குத் தாங்கும்."

"புதுசு?"

"முப்பத்தஞ்சாயிரம். பழசுக்கு ஆயிரம் கழிச்சுக்கலாம்" என்றார் பாய்.

இவர் தாடையைச் சொறிந்தார். என் சங்கிலியைக் கேட்டதும் இப்படிச் சொறிந்துவிட்டுத்தான்.

"பழசுல எதுக்குப் பாய் காசைக் கொட்டிக்கிட்டு? புதுசே குடுங்க. தவணையில கட்டிக்கிறேன். இத நீங்களே வச்சுக்கங்க."

வச்சுக்கங்களா! என் கம்மலோடு சேர்த்து ஆயிரம் ரூபாய்! வாயில் வந்ததைச் சொன்னேன்.

"புதுசையும் மூட்டை மேலதான வைப்பீக? பழசுக்குள்ள போன தூசி முப்பத்தஞ்சாயிரத்துக்குள்ள போகாதா?"

"தங்கச்சி கேக்குறது ஞாயந்தான் மணிண்ணே" என்றார் பாய். இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, பழசையே சரி பண்ணு. கையோட ஒரு பேட்டரியும் போட்டுரு ஃபாயிசா. அந்தக் கட்டப் பிரி."

முடிந்தது என் கதை. அவள் டேப்பின் முனையைக் கத்தியால் நெம்பினாள். பஞ்சு தெரிந்தது. பஞ்சுக்குள் ஒரு சிவப்புக் கல் மினுக்கென்றது. ஃபாயிசா தலை நிமிர்ந்தாள். மேசைக்குக் கீழே நான் இரண்டு கையையும் கூப்பினேன்.

அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். டேப்பை மறுபடி அழுத்தி ஒட்டினாள்.

"இந்த மாடலுக்கு இப்ப பேட்டரி வர்றதில்ல மாமா. அத்தை ஒட்டுனது ஒட்டுனபடியே இருக்கட்டும்."

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பையை என்னிடம் கொடுக்கும்போது ஃபாயிசா காதோரம், "அத்தை, பேங்குல லாக்கர்னு ஒன்னு இருக்கு" என்றாள். அந்தச் சாவியை எங்கே ஒளிப்பது என்று யோசித்ததிலேயே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

இப்போது லேப்டாப் கண் மூடித் திறப்பதற்குள் விலையைக் காட்டுகிறது. விலை அப்போதும் இறங்கித்தான் இருக்கிறது. ஆனாலும் தெருவெல்லாம், "புதுசு வேணாம்னு நாந்தான் முடிவெடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். நேற்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்.

"மதுரையில அந்தப் பேட்டரி கெடைக்குமாம்ல?"

அவர் குளிக்கப் போனதும் கத்தியை எடுத்து டேப்பை அறுத்தேன். கம்மலை இடம் மாற்றிவிட்டேன். எங்கே என்று கேட்காதீர்கள். நேற்றிலிருந்து அவரிடம் ஹெல்மெட் போடச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன்.