எட்டக்கத்தின் பத்தாம் தேதி

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை சல்லடை போட்டுத் தேடினாலும், எந்தத் தேதியையும் முகம் பார்த்து நம்பாத மனிதன் எட்டக்கம் ஒருவன்தான்.

அக்கம் என்றால் எங்கள் பக்கத்தில் இலக்கம். வருஷத்துக்கு நாலு, மாசத்துக்கு ரெண்டு, நாளுக்கு ரெண்டு, ஆக எட்டு; அவனுக்குப் பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். இடையில் கோடு கிடையாது, புள்ளி கிடையாது. அவனுக்கு அதுதான் தேதி, மற்றதெல்லாம் வதந்தி.

பாறசாலையில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டுக் கம்பெனிகளின் பழைய வியாபாரக் கணக்குகளை கோபல் என்ற கணினி மொழியில் பழுதுபார்த்தோம். ஒரு கம்பெனி மாசத்தை முன்னால் எழுதும், இன்னொன்று நாளை. எல்லாவற்றையும் எட்டு அக்கமாக மாற்றுவது அவன் வேலை. முடிவே இல்லாத ஒப்பந்தமென்றால் முடிவுத் தேதியில் எட்டு ஒன்பதுகளைப் போடுவான். அவன் மாற்றியதைச் சரிபார்ப்பது என் வேலை.

மூன்றும் நாலும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் போச்சு. மார்ச் நாலா, ஏப்ரல் மூணா என்று தெரியும்வரை அவன் சாயா ஆறி ஏடு கட்டும். "ஏதாவது ஒண்ணப் போடு" என்றால் சீறுவான்: "எலே, ஒரு மாசத்தையே கொல்லச் சொல்லுதியே! நெஞ்சுல ஈரம் வேணுமாக்கும்!"

என் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கியவனும் அவன்தான். பெயருக்குக் கீழே எழுதக் கொடுத்த எட்டு அக்கத்தைப் பார்த்துப் பேக்கரிக்காரர் கேட்டாராம்: "சாரே, இது கேக்குக்கா, ரீசார்ஜுக்கா?"

அவன் நாற்பதை நெருங்கியபோது குன்னத்துகாலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. முன்பு வந்தவையெல்லாம் பெண்ணின் பிறந்த தேதியை அவன் மூன்றுமுறை கேட்டதில் கலைந்துபோயிருந்தன.

"இதும் போச்சுன்னா நான் ஒத்தையாக்கும் மக்கா" என்றான். மானிட்டரின் நீல வெளிச்சத்தில் அந்த முகம் மழைக்காலத்து ஆறுபோலக் கலங்கியிருந்தது.

"தேதியப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத" என்றேன்.

என் பேச்சைக் கேட்டான். பெண்ணின் அப்பா போனில், "வாற பத்தாம் தேதி வாங்க" என்றபோது, வாழ்க்கையில் முதல்முறையாக எதிர்க்கேள்வி கேட்காமல், "சரி" என்றான்.

பத்தாம் தேதி பழமும் பலகாரமுமாக இருவரும் போனோம். வீட்டு முற்றத்தில் ஆளில்லை. பலாமரத்தில் சாய்த்த ஏணியின் உச்சியில், அப்பாவின் பழைய சட்டையை நைட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டு ஒரு பெண் நல்லமிளகு பறித்துக்கொண்டிருந்தாள்.

"ஆரு?"

"பொண்ணு காண..." என்று எட்டக்கம் பலகாரப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

மணப்பெண் சிந்து அவள்தான். ஏணியே குலுங்கச் சிரித்தாள். "அப்பா சொன்னது மலையாள மாசம் பத்தாக்கும்! இனியும் ரெண்டு வாரம் உண்டு. அப்பா பெருங்கடவிளைச் சந்தைக்குப் போயாச்சு."

ஊரில் பாதிப் பேருக்கு மலையாளக் கணக்கு, பாதிப் பேருக்கு இங்கிலீஷ். எது என்று கேட்காமல் பத்து என்றால் பத்தா? உலகத் தேதிகளையெல்லாம் விசாரித்தவன் தன் தேதியை விட்டுவிட்டான். அவன் கண் நிறைந்துவிட்டது. என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

"நாள் தெரியாதவன்னு அப்பாட்ட சொல்லிராதீங்க" என்றான்.

"சொல்லமாட்டேன். வந்தாச்சுல்லா, ஏணியப் பிடிங்க."

பிடித்தான். அவள் கூடையை நிறைத்து இறங்கும்வரை அசையவே இல்லை.

மலையாளப் பத்தாம் தேதி மறுபடி போனோம். சிந்து பட்டுச்சேலையில், யாரோ எவரோ என்ற முகத்தோடு சாயா தந்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். "தேதி மாத்துற ஜோலின்னு கேட்டேன். எங்க மலையாளத் தேதி உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா" என்றான். "அதுக்கு வீட்டுல ஒரு ஆளு வேணும்."

சாயாத் தட்டு லேசாகக் குலுங்கியது. ஏணி குலுங்கிய அதே குலுங்கல்.

கல்யாணம் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள், சோதனைக்கென்று ஒரு பதிவை எனக்கு அனுப்பினான். இரண்டு பெயர்கள். தொடக்கத் தேதி எட்டு அக்கத்தில். முடிவுத் தேதியில் எட்டு ஒன்பதுகள்.

எத்தனையோ தேதிகளைச் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பிய நான், அதை மட்டும் சரிபார்க்கவே இல்லை.