சரளைத் திட்டில் இறங்க ஒரு விமானம்

"இந்தச் சக்கரமா? நம்ம கூழாங்கல்லுல மூக்குக் குப்புற விழும்!" விமான மெக்கானிக் கஸ்ஸின் கொட்டகையில் விலைக்கு நின்ற பழைய மஞ்சள் விமானத்தை டெல்பர்ட் காலால் எத்தினார்.

"எனக்கென்னவோ இதுவே பிடிச்சிருக்கு," என்றாள் மனைவி ரோவீனா.

"உனக்கென்ன தெரியும்? சும்மா இரு."

அலாஸ்காவில் அவர்கள் ஊருக்கு வடக்கே, ஆற்றுக்கு நடுவில் ஒரு சரளைத் திட்டு. அதன் ஓரத்தில் டெல்பர்ட் மரக்குடில் கட்டியிருந்தார். படகென்றாலே குமட்டும் ரோவீனா அதை இன்னும் பார்த்ததில்லை. இந்தக் கோடையில் அவளைச் சொந்த விமானத்தில் கூட்டிப்போய் இறக்கப்போவதாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. திட்டோ குட்டித் திட்டு. ஒரு விமானம் இறங்கி நிற்கத்தான் இடம்.

பளபளவென்று ஒரு நீல விமானம் வாங்கினார். பூசணிக்காய் மாதிரி பெரிய சக்கரம் மாட்டினார். பாரம் கூடி, அது மேலே கிளம்ப அடம்பிடித்தது.

விடுவாரா டெல்பர்ட்? "பெரிய என்ஜின் போடு கஸ்!"

பெரிய என்ஜின் பெட்ரோலை மடக் மடக்கென்று குடித்தது.

"இன்னொரு டேங்க் போடு!"

போட்டபின் கஸ் எடை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, வண்டி அட்டகாசம். ஆனா ஒருத்தர்தான் போகலாம்."

"பின் சீட்டைக் கழட்டிட்டா?"

"கழட்டிட்டா அண்ணி எங்க உக்காருவாங்க?"

டெல்பர்ட் பேச்சை மாற்றினார். "அந்த மஞ்சள் ஓட்டை எங்க காணோம்?"

"வித்துப்போச்சுண்ணே."

"எந்த ஏமாளி வாங்கினான்?"

"பேரைச் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

பல வாரமாகப் போய்வரும் தையல் வகுப்பிலிருந்து அன்று மாலை ரோவீனா கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வந்தாள். "மெஷின்ல கொஞ்சம் கோளாறு," என்றாள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள். "முதல்ல நீ போய் இறங்கிப் பாரு டெல். எனக்கு நாளைக்கு விடியற்காலையிலயே வகுப்பு."

மறுநாள் டெல்பர்ட் கிளம்பினார். அடேயப்பா, என்ன இழுப்பு! மலை கீழே நழுவியது, ஆறு மின்னியது, மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கத்திப் பாட்டே பாடினார். அந்த ஆற்றுப்பக்கம் யார் இறங்கினாலும் ரேடியோவில் முதலில் குரல் கொடுப்பது வழக்கம்.

"நீல விமானம், டெல்பர்ட்! திட்டுல இறங்கப்போறேன், எல்லாரும் வழிவிடுங்க!"

சொல்லிவிட்டுக் கீழே பார்த்தார். குடிலின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. திட்டின் நடுவே மஞ்சள் விமானம் நின்றது.

ரேடியோ கரகரத்தது.

"இறங்கிடாதே டெல், இடமில்லை! ஊருக்குத் திரும்பிப் போய் நில்லு, நானே வந்து உன்னைக் கூட்டிட்டு வர்றேன். என் வண்டியில பின் சீட் இருக்கு."